வழங்கியும் வழங்கியவரும்: பாதுகாப்பு இணைப்புச் சோதனையில் சான்றிதழ்கள்

1. இணையவழித் தரவுப் பரிமாற்றத்திற்கான பாதுகாப்புச் சான்றிதழ்களைச் சோதனைச் சூழலுக்கென எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பதையும், அவ்வமைப்பில் இடம்பெறும் கலைச்சொற்களும் பிழைச்செய்திகளும் தமிழில் எங்ஙனம் பொருள் மயங்குகின்றன என்பதையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். கணிப்பொறியியலாருக்கு இதில் புதியதொன்றும் இராது. மொழித்தரவு திரட்டுவோரும் மென்பொருள் இடைமுகங்களை மொழிபெயர்ப்போரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் இக்கட்டுரையாளருக்கு ஒரு பட்டறிவால் ஏற்பட்டது. அதனை முதற்கண் கூறுதல் தகும்.

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் மூன்று தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. வீட்டில் தமிழும் வெளியில் வங்காளமும் வழங்கும் இக்குடும்பத்தாரின் பேச்சைப் பதிவு செய்யும் களப்பணி ஒன்றில் இக்கட்டுரையாளர் பங்கு கொண்டிருந்தார். பதிவுகள் களப்பணியாளரின் கையடக்கக் கணிப்பொறியிலிருந்து ஜாதவ்பூரில் வைக்கப்பட்டிருந்த ஒரு சோதனை வழங்கிக்கு அன்றாடம் அனுப்பப்பட்டன. ஆய்வாளரன்றிப் பிறர் இவற்றைக் கேளார் என்று ஒவ்வொரு தகவலாளிக்கும் எழுத்து வடிவில் உறுதி அளிக்கப்பட்டிருந்தது. தம் குடும்பத்துச் சொத்து வழக்கைப் பற்றி நெடுநேரம் பேசிய மூதாட்டி ஒருவர், பேசி முடித்தபின், “இது வெளியில போயிடாதேப்பா?” என்று கேட்டார். போகாது என்று விடை கூறினோம்.

பணி தொடங்கிய சில நாள்களில் அனுப்பு நிரல் ஒரு பிழைச்செய்தியைக் காட்டித் தடைபட்டது. களப்பணியாளருக்கெனத் தயாரிக்கப்பட்ட தமிழ்க் கையேட்டில் அச்செய்தி, ‘வழங்கியின் சான்றிதழைப் பெற இயலவில்லை’ என்று பெயர்க்கப்பட்டிருந்தது. பெயர்த்தவர் இக்கட்டுரையாளரே. கையேட்டைப் படித்தோர் வழங்கியிற் கோளாறு எனக் கருதினர், வழங்கியின் சான்றிதழ் இருமுறை புதிதாக ஆக்கப்பட்டது, பிழை தீரவில்லை. இறுதியில், தற்காலிகமாக என்று சொல்லி, சான்றிதழைச் சரிபார்க்கும் வேலையையே நிரலில் நிறுத்திவிட்டனர். இணைப்பு உடனே ஏற்பட்டது. தற்காலிகம் பல வாரங்கள் நீடித்தது. பெயர் முற்றிலும் மாறுபட்ட சான்றிதழ் ஒன்றைத் தவறுதலாக வழங்கியில் வைத்தபோதும் நிரல் எவ்வித முறையீடுமின்றி அதனை ஏற்றுக்கொண்டதைக் கண்ட பின்னரே உண்மை தெரிந்தது. பதிவுகள் பிறர் கைக்குச் சென்றன என்பதற்குச் சான்று இல்லை. செல்லவில்லை என்பதற்கும் சான்று இல்லை.

மூலச் செய்தி கூறியது வேறு. அது குறித்தது வழங்கியின் சான்றிதழை அன்று; அச்சான்றிதழை வழங்கியவரின் சான்றிதழை. ஒரு விகுதி வேறுபாடு. இம்மயக்கத்தின் வேர் எங்குள்ளது என்பதைக் காணுமுன் இணைப்பின் இயல்பைச் சுருக்கமாக அறிதல் வேண்டும்.

2. எச்.டி.டி.பி. என்னும் நெறிமுறையில் ஒரு நிரல் கேட்கிறது. மற்றொன்று விடை தருகிறது. பேச்சு வழக்கில் முன்னதைக் கிளையண்ட் என்றும் பின்னதைச் சர்வர் என்றும் கூறுகிறோம். பின்னதற்கு வழங்கி என்னும் சொல் ஓரளவு நிலைபெற்றுவிட்டது. முன்னதற்கு அவ்வாறு ஒரு சொல் நிலைபெறவில்லை. ஒலிவாங்கி என்னும் ஆக்கத்தை ஒட்டி வாங்கி என்னும் சொல் ஈண்டு ஆளப்படுகிறது. இவ்விரண்டிற்கும் இடையே செல்வதை மறைத்துக் காப்பதற்காக நெட்ஸ்கேப் நிறுவனம் 1995இல் எஸ்.எஸ்.எல். என்னும் நெறிமுறையை வெளியிட்டது. அதன் வழித்தோன்றலாக 1999இல் டி.எல்.எஸ். உருவாயிற்று, 2018இல் அதன் 1.3ஆம் பதிப்பு வெளிவந்தது. பழைய பெயர் இன்றும் பேச்சில் வழங்குகிறது. சான்றிதழின் வடிவம் இவற்றினும் மூத்தது, எக்ஸ்.509 என்னும் அவ்வரையறை 1988ஆம் ஆண்டினது.

இந்நெறிமுறை இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, செய்தியை மறையெழுத்தாக்குதல். மற்றொன்று, எதிர்முனையில் இருப்பவர் யார் என உறுதிப்படுத்துதல். பொதுமக்கள் முன்னதையே பாதுகாப்பு எனக் கருதுகின்றனர். பின்னது இல்லையேல் முன்னதாற் பயனில்லை. அரக்கு முத்திரையிட்ட உறையை, வாயிலில் நிற்பவர் யாரென்று கேளாமல் அவர் கையிற் கொடுப்பது போன்றது அது. சரிபார்த்தலை நிறுத்திய நிலையிலும் எங்கள் பதிவுகள் மறையெழுத்திலேயே சென்றன. இடையே ஒருவர் தம் சான்றிதழைக் காட்டி நின்றிருப்பாராயின், மறையெழுத்து அவருக்கென்றே ஆக்கப்பட்டிருக்கும். அவர் அதனைத் திறந்து படித்துவிட்டு, மீண்டும் மூடி உரிய இடத்திற்கு அனுப்பியிருக்கலாம்.

குறியீட்டியல் நோக்கில் ஒன்றை இடையே சுட்டலாம். இணைய உலாவிகளில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்த பூட்டுப் படம் ‘இத்தளம் நம்பத்தக்கது’ என்று பயனரால் தவறாகப் பொருள்கொள்ளப்பட்டது. இக்காரணத்தைக் கூறியே குரோம் உலாவி 2023இல் முகவரிப் பட்டையிலிருந்து அப்படத்தை நீக்கியது.

3. ஒவ்வொரு வழங்கியிடமும் இணைந்த இரு திறவுகோல்கள் உள்ளன. ஒன்றை எவருக்கும் காட்டலாம், மற்றொன்று வெளிப்படலாகாது. பொதுத் திறவுகோலையும் வழங்கியின் பெயரையும் ஒருங்கே எழுதி, இவை ஒருவர்க்குரியன எனப் பிறர் ஒருவர் கையொப்பமிட்ட ஆவணமே சான்றிதழ். கையொப்பமிடுபவரைச் சான்றளிப்பவர் என்கிறோம். அவருக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அதில் அவருக்கு மேலுள்ளவர் கையொப்பமிட்டிருப்பார். இச்சங்கிலியின் தலையில் உள்ளது வேர்ச் சான்றிதழ். அதில் தமக்குத் தாமே கையொப்பமிட்டுக்கொள்வர். அதனை நம்புவதற்கு ஆவணத்தினுள்ளே காரணம் ஏதும் இராது. வாங்கியிடம் முன்னரே உள்ள நம்பகப் பட்டியலில் அது இடம்பெற்றிருப்பதே காரணம்.

இதனைத் தமிழர்க்கு விளக்க அயலிலிருந்து உவமை தேட வேண்டியதில்லை. வேலைக்கு விண்ணப்பிப்போர் தம் மதிப்பெண் பட்டியலின் படியை அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடம் கொடுத்துச் சான்றொப்பம் பெற்ற காலத்தை நம்மிற் பலர் அறிவோம். அலுவலரின் கையொப்பத்தை நம்புவது அவர் முத்திரையால். முத்திரையை நம்புவது அவர் பெயர் அரசிதழில் வந்தமையால். பின்னர்ச் சுய சான்றொப்பம் என்னும் முறை வந்தது. தன்கையொப்பமிட்ட சான்றிதழ் என்று கணிப்பொறியாளர் கூறுவதற்குச் சுய சான்றொப்பச் சான்றிதழ் என்னும் பெயர் பெரிதும் பொருந்தும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இதன் வலிமையும் வலிமையின்மையும் அச்சொல்லிலேயே விளங்கும்.

இன்னும் பழைய சான்று பெரியபுராணத்தில் உள்ளது. தடுத்தாட்கொண்ட வரலாற்றில், முதியவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலை வேறு உளது என முதியவர் கூறுகிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலை படிக்கப்பட்டபின், அதிலுள்ள எழுத்து சுந்தரரின் பாட்டனாருடையதுதானா என்னும் வினா எழுகிறது. அவையோர் என் செய்தனர் என்பதே நாம் கருதற்பாலது. காப்பில் வைக்கப்பட்டிருந்த, அப்பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து ஒப்பு நோக்கினர். புதிய ஆவணம் தன்னைத் தானே மெய்ப்பிக்கவில்லை. காப்பிலிருந்த பழைய எழுத்தே அதனை மெய்ப்பித்தது. வாங்கியின் நம்பகப் பட்டியல் அக்காப்பு ஓலை. கல்வெட்டுகளின் இறுதியில் இன்னார் ‘எழுத்து’ என்று வரும் கையொப்ப வாய்பாட்டையும் இத்துடன் எண்ணிப் பார்க்கலாம். அங்கு எழுத்து என்பது கையொப்பத்தையே குறித்தது.

ஒரு வேறுபாடு உண்டு. கைநாட்டும் கையெழுத்தும் ஆளைக் குறிப்பன. கணிப்பொறிக் கையொப்பம் ஆவணத்தின் ஒவ்வொரு எழுத்தையும் தன்னுள் கணக்கிற் கொள்கிறது. ஓர் எழுத்து மாறினும் கையொப்பம் பொருந்தாது. ஆதலின் சான்றிதழிற் பின்னர் இடைச்செருகல் செய்தல் இயலாது. சுவடிப் பதிப்பாளர் பொறாமை கொள்ளத்தக்க பண்பு இது.

4. மெய்யான வழங்கிக்குரிய சான்றிதழை உலகறிந்த சான்றளிப்பவரிடம் பெறலாம். சோதனைக்கு அது ஏற்றதன்று. சோதனை வழங்கி பெரும்பாலும் ஒரே கணிப்பொறியினுள், ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்னும் பெயரிலும் 127.0.0.1 என்னும் எண் முகவரியிலும் இயங்குகிறது. இப்பெயர் எல்லாக் கணிப்பொறிக்கும் பொதுவானது. ஒருவர்க்கு உரியதாகாத பெயருக்கு எவரும் சான்று அளியார். ஆகவே சோதனை செய்வோர் தாமே ஒரு சிறு சான்றளிப்பவராதல் வேண்டும்.

ஓப்பன் எஸ்.எஸ்.எல். போன்ற கருவியால் முதலில் ஒரு வேர்த் திறவுகோலும் வேர்ச் சான்றிதழும் ஆக்கப்படுகின்றன. இவ்வேருக்குப் பிறர் சான்றிதழ்களிற் கையொப்பமிடும் உரிமை உண்டு என்னும் குறிப்பு அதனுள் இடம்பெற வேண்டும். வேரின் பெயரிலேயே ‘சோதனைக்கு மட்டும்’ என எழுதிவிடுதல் நன்று. அடுத்து வழங்கிக்கெனத் தனித் திறவுகோல் ஆக்கப்பட்டு, அதற்கு ஒரு சான்றிதழ் எழுதப்பட்டு, வேரால் ஒப்பமிடப்படுகிறது. இங்கே தொடக்கநிலையினர் தவறுமிடம் ஒன்று உண்டு. சான்றிதழில் பொதுப்பெயர் என்னும் பழைய புலத்தில் வழங்கியின் பெயரை எழுதினால் போதும் எனப் பல கையேடுகள் கூறுகின்றன. இன்றைய வாங்கிகள் பல அப்புலத்தைப் பார்ப்பதில்லை. குரோம் 2017இலேயே அதனைக் கைவிட்டது. மாற்றுப்பெயர்கள் என்னும் விரிவுப் புலத்திலேயே பெயர் இருத்தல் வேண்டும். அங்கும் லோக்கல்ஹோஸ்ட் என்பதைப் பெயர் வகையாகவும் 127.0.0.1 என்பதை எண் முகவரி வகையாகவும் பிரித்து எழுத வேண்டும். எண்ணைப் பெயராக எழுதினால் பொருத்தம் காணப்படாது. இலக்கணத்தில் எண்ணுப்பெயரும் பெயரே, இங்கு அன்று.

பின்னர் வழங்கியிடம் அதன் திறவுகோலும் சான்றிதழும் தரப்படுகின்றன. இடைநிலைச் சான்றளிப்பவர் உளராயின் அவர் சான்றிதழும் உடன் தரப்படுகிறது. வாங்கியிடம் வேர்ச் சான்றிதழ் மட்டும் தரப்படுகிறது. வேரின் திறவுகோல் இவ்விரண்டிடமும் செல்லலாகாது. எங்கள் களப்பணியில் நேர்ந்த குறை இவ்வளவே: புதிய கையடக்கக் கணிப்பொறிகளில் வேர்ச் சான்றிதழை இடுவதற்கு மறந்துவிட்டோம். ஒரு கோப்பைப் படியெடுத்து வைத்திருந்தால் அனைத்தும் தீர்ந்திருக்கும்.

வேர்ச் சான்றிதழை வாங்கி நிரலின் தனிப்பட்டியலில் மட்டும் சேர்த்தல் வேண்டும். கணிப்பொறி முழுமைக்கும் பொதுவான பட்டியலிற் சேர்த்தல் எளிதாயினும் தீது. சேர்த்தபின் அவ்வேரின் திறவுகோலை வைத்திருப்பவர் வங்கி முதலாக எத்தளத்தின் பெயராலும் அக்கணிப்பொறியை ஏமாற்றலாம். 2015இல் லெனோவோ நிறுவனத்தின் மடிக்கணிப்பொறிகளிற் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்னும் விளம்பர நிரல் முன்னரே இடப்பட்டிருந்தமை வெளிவந்தது. அது எல்லாக் கணிப்பொறியிலும் ஒரே வேர்ச் சான்றிதழை இட்டிருந்தது. அதன் திறவுகோலும் உடன் இருந்தது. ஆய்வாளர் அதனை விரைவிலேயே பிரித்தெடுத்துக் காட்டினர்.

சோதனை என்பது இணைப்பு ஏற்படுகிறதா என்று பார்ப்பது மட்டுமன்று. ஏற்படக்கூடாத இடத்தில் ஏற்படாமலிருக்கிறதா என்று பார்ப்பதே அதன் பெரும்பகுதி. காலம் கடந்த சான்றிதழ் ஒன்று, பெயர் மாறிய சான்றிதழ் ஒன்று, வேறொரு வேரால் ஒப்பமிடப்பட்டது ஒன்று, இடைநிலைச் சான்றிதழ் விடுபட்ட சங்கிலி ஒன்று என வேண்டுமென்றே பிழையுடைய சான்றிதழ்களை ஆக்கி, ஒவ்வொன்றையும் வாங்கி மறுக்கிறதா, மறுக்கும்போது உரிய காரணத்தைக் கூறுகிறதா என ஆராய்தல் வேண்டும். மொழியியலார் இதனை எளிதில் உணர்வர். இலக்கண விதி ஒன்று சரியான தொடர்களை ஆக்குவதோடு நில்லாமல், உடுக்குறியிட்ட வழுத்தொடர்களை விலக்கவும் வேண்டும் என்பது நம் அன்றாட முறை. எங்கள் திட்டத்தில் உடுக்குறித் தொடர் ஒன்றேனும் சோதனையில் இருந்திருக்குமாயின் முதல் நாளே குறை வெளிப்பட்டிருக்கும்.

வழங்கி மட்டுமன்றி வாங்கியும் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும் என விதிப்பதும் உண்டு. களப்பணிக் கருவிகளுக்கு இது மிகவும் ஏற்றது. கடவுச்சொல்லை யாரும் தாளில் எழுதி ஒட்டிவைக்க நேராது. இதனைச் சோதிப்போர் ஒரு நுட்பத்தை நினைவிற் கொள்ள வேண்டும். டி.எல்.எஸ். 1.3ஆம் பதிப்பில், வாங்கியின் சான்றிதழை வழங்கி மறுக்குமுன்பே வாங்கி தன் பங்கு முடிந்தது எனக் கொண்டுவிடும். ஆகவே ‘இணைப்பு ஏற்பட்டது’ என்னும் அளவில் சோதனையை நிறுத்தினால் மறுப்பு கண்ணுக்குப் புலப்படாது. ஒரு விடையைப் படிக்க முயன்று, அங்கே பிழை வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

சோதனைச் சான்றிதழ்களின் வாழ்நாள் பற்றியும் ஒரு சொல். ஓராண்டுக் காலத்துக்கு ஆக்கி நிரலோடு சேர்த்து வைத்துவிட்டால், அடுத்த ஆண்டு ஒரு நாள் காலை, யாரும் எதையும் மாற்றாத நிலையில், எல்லாச் சோதனையும் ஒருங்கே தோல்வியுறும். ஒவ்வொரு முறையும் சோதனை தொடங்கும்போதே புதிதாக ஆக்கிக்கொள்ளுதல் எளிய வழி. கணிப்பொறிக்கு அது நொடிப்பொழுது வேலை. பொதுத்தளங்களின் சான்றிதழ்களுக்கு 398 நாளாக இருந்த உச்ச வரம்பை 2026 மார்ச்சு 15 முதல் 200, 2027இல் 100, 2029இல் 47 எனப் படிப்படியாகக் குறைப்பதென 2025 ஏப்ரலில் முடிவாயிற்று. புதுப்பித்தலையும் சோதிக்க வேண்டிய காலம் இது.

5. தமிழ்ப் பெயர் தாங்கிய வழங்கிகளைச் சோதிக்கும்போது மொழியியலாரின் துறையே நேரடியாக வந்து சேர்கிறது. இணையப் பெயர்களில் உலக எழுத்துகளைப் புகுத்தும் முயற்சியில் ஐகான் அமைப்பு 2007இல் பதினொரு சோதனைப் பெயர்களை மூல அட்டவணையிற் சேர்த்தது. இந்திய மொழிகளில் இந்தியும் தமிழும் அவற்றுள் இடம்பெற்றன. வங்காளம் இடம்பெறவில்லை என்பதை ஜாதவ்பூர் நண்பர்கள் இன்றும் சிறு மனக்குறையோடு குறிப்பிடுவர். தமிழ்ப் பெயர் ‘உதாரணம்.பரிட்சை’ என்பது. பரீட்சை என நெடிலாக எழுதுவதே மரபு. அட்டவணையில் ஏறியதோ குறில். 2013இல் அச்சோதனைப் பெயர்கள் நீக்கப்படும் வரை அவ்வெழுத்தே நிலைத்தது. நெடிலிட்டுத் தட்டியவர்க்கு அத்தளம் கிடைத்திராது. பெயர் அட்டவணைக்கு எழுத்துவழு தெரியாது. வேறு எழுத்து என்றால் வேறு பெயர்.

சான்றிதழில் வழங்கியின் பெயர் எழுதப்படும் புலம் ஆங்கில எழுத்து, எண், இணைகோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். தமிழ்ப் பெயர் ஒரு கணக்கீட்டின்படி ஆங்கில எழுத்துகளாக மாற்றப்பட்டு, முன்னே ஓர் அடையாளக் குறி சேர்க்கப்பட்டு அங்கு ஏறுகிறது. நிறுவனப் பெயருக்குரிய புலமோ தமிழை நேரடியாகவே ஏற்கும். எனவே ஒரே சான்றிதழில் நிறுவனம் தமிழிலும் அதன் முகவரி எவர்க்கும் புரியாத எழுத்துக் கோவையிலும் காணப்படும். சோதனைக்கென அமைப்புக் கோப்பில் தமிழ்ப் பெயரை அப்படியே எழுதிவிட்டு, பெயர் பொருந்தவில்லை என்னும் பிழையைக் கண்டு திகைப்போர் உளர்.

இதனினும் நுண்ணிய சிக்கல்கள் உள்ளன. ‘கொ’ என்பதை ஒருங்குறியில் ஒகரக் குறியாலும் எழுதலாம். எகரக் குறியும் காலும் அடுத்தடுத்து வரவும் எழுதலாம். இவ்விரண்டும் ஒன்றே என ஒருங்குறி ஏற்கிறது. பெயராக்குமுன் இயல்பாக்கம் செய்தால் ஒன்றாகிவிடும். உலாவிகள் இதனைச் செய்கின்றன. நாம் கையால் எழுதும் சிறு நிரல்கள் பல செய்வதில்லை. ‘கௌ’ என்பதிலோ நிலை வேறு. ஔகாரக் குறியால் எழுதியதும், எகரக் குறியை அடுத்து ளகரத்தைத் தட்டியதும் கண்ணுக்கு ஒன்றே போல் தோன்றும். இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்காது. ‘ஸ்ரீ’ என்னும் கூட்டெழுத்துக்கு ஸகரத்தால் ஆன வடிவமும், ஒருங்குறியில் 2005இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தால் ஆன வடிவமும் உள்ளன. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ககரமும் தமிழ் எண் ஒன்றும், அகரமும் எட்டும் பெற்றுள்ள உருவ ஒற்றுமை பழைய செய்தி. ஏமாற்ற நினைப்போர்க்கு இவை வாய்ப்பு. இவ்வகைப் பெயர் இணைகளைத் திரட்டிச் சோதனைத் தொகுதியிற் சேர்க்கும் பணியை ஒலியனியலும் எழுத்தியலும் கற்றவரே செம்மையாகச் செய்ய இயலும். கணிப்பொறியாளரிடம் இதனை விட்டுவிடுவது முறையன்று.

6. நம்பகப் பட்டியல் என்பது ஒன்றன்று, பல என்பதற்கு இந்திய வரலாற்றிலேயே ஒரு சான்று உள்ளது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன்படி சான்றளிப்போர்க்கு உரிமம் தரக் கட்டுப்பாட்டு அலுவலர் ஒருவர் அமர்த்தப்பட்டுள்ளார். நாட்டின் வேர்ச் சான்றிதழ் அவ்வலுவலகத்தினது. அதன்கீழ் இடைநிலைச் சான்றளிப்பவராக இருந்தது தேசியத் தகவலியல் மையம். 2014 ஜூலை 2 அன்று, கூகுளின் பெயர்களுக்கு அந்நிறுவனத்தின் இசைவின்றி வழங்கப்பட்ட சான்றிதழ்கள் சில இம்மையத்தின் ஒப்பத்துடன் இருப்பதைக் கூகுள் கண்டறிந்தது. மறுநாளே கட்டுப்பாட்டு அலுவலர் மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை இரத்துச் செய்தார். மையத்தின் வழங்கல் முறையில் ஊடுருவல் நேர்ந்தது என்றும், தவறாக வழங்கப்பட்டவை நான்கு என்றும் பின்னர்த் தெரிவிக்கப்பட்டது. அவற்றுள் மூன்று கூகுளின் பெயர்களுக்கும் ஒன்று யாகூவின் பெயருக்கும் உரியன. வேறு சிலவும் தமக்குத் தெரியும் எனக் கூகுள் கூறியது.

இச்சான்றிதழ்களால் ஏமாறக்கூடியவர் யார்? இந்திய வேர், மைக்ரோசாப்டின் பட்டியலில் இருந்தது; ஆதலின் விண்டோஸில் இயங்கிய, அப்பட்டியலைச் சார்ந்த நிரல்கள் ஏமாறக்கூடும். ஃபயர்ஃபாக்ஸ் தன் சொந்தப் பட்டியலை வைத்திருந்தது. அதில் இந்திய வேர் இல்லை. ஒரே ஆவணம் ஒரு மேசையில் செல்லுபடியாகும்; அடுத்த மேசையில் செல்லாது. ஆகவே சோதனை எழுதுவோர் எப்பட்டியலைக் கொண்டு சரிபார்க்கிறோம் என்பதை வெளிப்படையாகக் குறித்தாக வேண்டும். இல்லையேல் ஒருவர் கணிப்பொறியில் வெற்றிபெறும் சோதனை மற்றொருவர் கணிப்பொறியில் தோற்கும். காரணம் ஒருவர்க்கும் விளங்காது.

அதன்பின் குரோம் மேற்கொண்ட நடவடிக்கை மொழியியலார்க்குச் சுவையானது. இந்திய வேர் ஒப்பமிடும் சான்றிதழ்களைச் சில பெயர்களுக்கு மட்டும் ஏற்பதென அது வரையறுத்தது. ஜிஓவி.இன், என்.ஐ.சி.இன், ஏசி.இன் ஆகியனவும் ரிசர்வ் வங்கி முதலிய நான்கு நிறுவனப் பெயர்களும் அப்பட்டியலில் இருந்தன, இடியு.இன் இல்லை. ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழகத்தின் பொதுத்தளம் அப்போது இடியு.இன் என முடியும் பெயரில் இருந்தது. அதன் பண்பாட்டுப் பனுவல் மற்றும் ஆவணப் பள்ளி 2013இல் வெளியிட்ட விசித்ரா என்னும் தாகூர் எழுத்துத் தொகுப்பு, கையெழுத்துப் படிகளும் அச்சு நூல்களுமாக ஏறத்தாழ 1,40,000 பக்கங்களின் படிமங்களை உடையது, ஏசி.இன் என முடியும் பெயரில் அமைந்தது. இத்தளங்களுக்குச் சான்றிதழ் தந்தவர் யார் என்பது ஈண்டுப் பொருளன்று. ஒரே வளாகத்தின் இரு முகவரிகளுள் ஒன்று அவ்விதியின் உள்ளும் மற்றொன்று வெளியும் அமையும் என்பதே கருதத்தக்கது. மனிதர்க்கு இரு ஈறுகளும் கல்வி என்றே பொருள்படும். பெயர் அட்டவணையில் ஒருபொருட் பன்மொழி என்பது இல்லை.

இவ்வரையறையைச் சோதனை வேரிலும் இடலாம். சோதனைக்கென 1999இல் ஒதுக்கப்பட்ட ‘டெஸ்ட்’ என்னும் ஈற்றையும் லோக்கல்ஹோஸ்டையும் தவிரப் பிற பெயர்களுக்கு இவ்வேர் செல்லாது என வேர்ச் சான்றிதழினுள்ளேயே எழுதிவைத்தால், திறவுகோல் தவறிப் போயினும் விளையும் தீங்கு சிறிதே.

7. இனி மொழிபெயர்ப்புக்கு வருவோம். ஓப்பன் எஸ்.எஸ்.எல். தன் சரிபார்ப்புப் பிழைகளுக்கு எண்கள் தந்துள்ளது. காலங்கடந்த சான்றிதழ் 10. சங்கிலியின்றித் தனித்து நிற்கும் சுய சான்றொப்பச் சான்றிதழ் 18. சங்கிலியின் தலையில் அறியாத சுய சான்றொப்ப வேர் நிற்பது 19. ஒப்பமிட்டவரின் சான்றிதழ் இக்கணிப்பொறியிற் காணப்படாமை 20. பெயர் பொருந்தாமை 62. எங்களை இடறியது 20.

பெயர்ப்பில் நேர்ந்ததென்ன? ‘வழங்கு’ என்னும் வினை தமிழிற் பெரும் பாரத்தைச் சுமக்கிறது. சான்றிதழ் வழங்குகிறோம்; நீதி வழங்குகிறோம்; சொல் உலகில் வழங்குகிறது. சர்வரை வழங்கி என்றாக்கியபின், ‘வழங்கியின்’ என்பது கருவியையும் ‘வழங்கியவரின்’ என்பது ஒப்பமிட்டவரையும் குறிக்கும் என எதிர்பார்க்கிறோம். கணிப்பொறித் திரையின் குறுகிய இடத்தில், உயர்திணை விகுதியை விடுத்து ‘வழங்கியது’ என்றும் ‘வழங்கி’ என்றும் சுருக்குவது மொழிபெயர்ப்பாளரின் இயல்பு. அவ்வாறு சுருக்கியதும் வேறுபாடு மறைந்துவிடுகிறது. ஒப்பமிட்டவர் மனிதரல்லர், நிறுவனமே ஆதலின் அஃறிணை விகுதி இலக்கணப்படி தவறுமன்று. அதுவே இம்மயக்கத்தைக் கொடிதாக்குகிறது.

சர்வரின் பெயரை மாற்றுதல் இனி இயலாது, வழங்கி பரவிவிட்டது. ஆகவே சான்றிதழோடு வரும்போது ‘வழங்கு’ என்னும் வினையை அறவே விலக்கி, ‘ஒப்பமிடு’ என்பதை ஆளலாம். ஒப்பமிட்டவர், ஒப்பமிட்டவரின் சான்றிதழ் என்பன மயங்கா. நண்பர் ஒருவர் ‘சான்றளிப்பி’ என்னும் ஆக்கத்தை முன்மொழிந்தார். வழங்கி, வாங்கி என்பவற்றோடு இயைந்து ஒலிப்பினும், பொறி போல் தோன்றுவதால் பொறுப்புடைய அமைப்பு என்னும் பொருள் அதில் மங்குகிறது.

சரிபார்ப்பை நிறுத்தும் விருப்பத்தின் பெயரும் கருதத்தக்கது. கர்ல் என்னும் கருவியில் அதன் நீண்ட வடிவம் ‘பாதுகாப்பற்ற’ எனப் பொருள்படும் சொல்லாகவே உள்ளது. கோ மொழியில் ‘பாதுகாப்பின்றிச் சரிபார்ப்பைத் தவிர்’ என விரியும் நீண்ட பெயர் இடப்பட்டுள்ளது. பைத்தானின் புகழ்பெற்ற நூலகம் ஒன்றிலோ ‘சரிபார்’ என்பதற்கு ‘இல்லை’ என மதிப்பிடுவதோடு முடிகிறது. முதலிரண்டு பெயர்களும் எழுதுபவரின் கையைச் சற்றுத் தயங்கச் செய்வன. தமிழிற் பெயர்ப்போர் இத்தயக்கத்தையும் பெயர்க்க வேண்டும். ‘எளிய இணைப்பு’, ‘தடையற்ற முறை’ என்றெல்லாம் மென்மைப்படுத்தலாகாது. எங்கள் அமைப்புத் திரையில் அப்பெட்டியின் அருகே ‘சோதனை முறை’ என்று எழுதியிருந்தது. களப்பணியாளர் அதனைக் குறியிட்டதில் வியப்பில்லை. அவர்கள் பயன்படுத்தியது சோதனை வழங்கியே அன்றோ.

திருத்திய கையேட்டில் 20ஆம் பிழைக்குரிய பகுதி இப்போது இவ்வாறு உள்ளது: ‘எதிர்முனை காட்டிய சான்றிதழில் ஒப்பமிட்டவர் யாரென இக்கணிப்பொறிக்குத் தெரியவில்லை. வழங்கியை மாற்ற வேண்டா. வேர்ச் சான்றிதழ் இக்கணிப்பொறியில் இடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இடப்படும் வரை பதிவுகள் இங்கேயே இருக்கும், அனுப்பப்படா.’ மூலத்தில் ஆறேழு சொற்களாக உள்ள செய்தி நான்கு தொடராக நீண்டிருக்கிறது. திரையில் இதற்கு இடம் போதவில்லை என்று நிரலர் முறையிட்டார். எழுத்துருவின் அளவு குறைக்கப்பட்டது. மூதாட்டியின் வீட்டிற்கு மீண்டும் சென்று நடந்ததைக் கூறினோம். அவர் தம் பதிவை அழித்துவிடச் சொன்னார்; அழித்தோம்.